மலையின் விரிசல்

நார்வேயின் மேற்குக் கரையில், பனியாறுகள் குடைந்த செங்குத்து மலைகளினிடையே கடல் வெகுதூரம் உட்புகுந்திருக்கிறது. அக்கழிகளை அந்நாட்டார் 'பியோர்டு' என்பர். 2020-ல் அதே பெயருடன் அமைந்த சிறு ஊராட்சியில் டாபியோர்டு கிராமம் உள்ளது.

1934-ம் வருஷம் ஏப்ரல் 7-ந் தேதி விடியுமுன், அருகிலிருந்த மலையினின்று பெரும் பாறைத்திரள் பெயர்ந்து கழியில் வீழ்ந்தது. வீழ்ந்த இடத்தில் 60 மீட்டருக்கு மேல் நீர் எழும்பிற்று. அவ்வலைக்கு டாபியோர்டிலும் அண்டையிலுள்ள பியோராவிலுமாக 40 பேர் இரையாயினர். மலையில் விரிசல் இருந்ததை ஊரார் அறிவர், நாளைத்தான் அறியார்.

இன்று அண்டை ஊராட்சியிலுள்ள ஓக்னெசெட் மலையிலும் விரிசல் அகன்று வருகிறது. ஆனால் கருவிகள் இரவும் பகலும் அதை அளக்கின்றன. பாட்டனார் பெறாத எச்சரிக்கையைப் பேரர்கள் பெறுவார்கள் என்பதே அவ்வூராரின் நம்பிக்கை.