ஒரு கூரை, மூன்று பாலிசிகள்

பொழியூர்க் கடற்கரையில் வீடு என்பது குடும்பம் உறங்கும் இடம் மட்டுமன்று. வலை அங்கேதான் குவிந்து கிடக்கிறது. வள்ளத்திலிருந்து கழற்றிய எஞ்சின் சுவரோரம் சாய்ந்திருக்கிறது. சற்று உள்ளே பாறசாலைப் பக்கம் சென்றால் வலையின் இடத்தைப் பசு பிடித்துக்கொள்கிறது. வீட்டுச் சுவரை ஒட்டிச் சாய்ப்பு இறக்கிய தொழுத்து, அருகிலேயே வைக்கோல். எல்லைக்கு இருபுறமும் 'தொழுத்து' என்ற சொல்தான். மலையாளமும் அதையே சொல்கிறது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு ஒரு மாநிலத்துக்கும் நெய்யாற்றின்கரை இன்னொரு மாநிலத்துக்கும் போனபோதும் இந்தச் சொல் பிரியவில்லை. வீட்டின் அமைப்பும் பிரியவில்லை. அதைப் பிரிப்பது காப்பீட்டுப் படிவம்.

2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் 'பாரத் கிருஹ ரக்ஷா' மோசமான பாலிசி அன்று. தீ, புயல், வெள்ளம் எல்லாம் அதில் அடங்கும். கட்டடத்தின் காப்புத்தொகையில் 20 விழுக்காடு, 10 லட்சம் ரூபாய் வரை, வீட்டுப் பொருள்களுக்குத் தானாகவே உண்டு. ஆனால் அது கட்டிலுக்கும் தொலைக்காட்சிக்குமான ஏற்பாடு. தொழில் சரக்குக்கு 'பாரத் சூட்சும உத்யம் சுரக்ஷா' என்று வேறொன்று. 5 கோடி வரையிலான சொத்துக்கு வகுத்ததை ஒரு வலைக்கும் எஞ்சினுக்கும் யார் விற்க வருவார்கள்? பசுவுக்கோ மூன்றாவது பாலிசி, காதில் அட்டை. அட்டை விழுந்துவிட்டால் பணமும் இல்லை. வைக்கோலில் பற்றும் தீ பசுவையும் படுக்கையறையையும் ஒரே இரவில் எரித்துவிடும். மறுநாள் அந்தக் குடும்பம் ஒரே சாம்பலைக் காட்டி வெவ்வேறு அலுவலகங்களில் நிற்க வேண்டும்.

இதைவிடக் கொடியது ஒரு விலக்கு. நிலம் தாழ்ந்தாலும் சரிந்தாலும் ஈடு தருவதாகச் சொல்லும் அதே பிரிவு, கடலரிப்பால் வரும் இழப்புக்கு ஈடில்லை என்கிறது. பொழியூரில் வீட்டைக் கொண்டுபோவது எது? 2024 மார்ச் 31 அன்று கள்ளக்கடல் ஏறியபோது திருவனந்தபுரக் கரையோரத்தில் புயல் எதுவும் இல்லை. எங்கோ தொலைவில் எழுந்த அலை வீடுகளுக்குள் புகுந்தது. நீர் உள்ளே வந்ததால் சுவர் விழுந்தது என்றால் வெள்ளம். அடிமண்ணை இழுத்துச் சென்றதால் விழுந்தது என்றால் அரிப்பு. அந்த ஒரு சொல்லைத் தேர்ந்தெடுப்பவர் சர்வேயர். கேரள அரசின் ஆணையில் மாநிலப் பேரிடராக இருக்கும் கடலரிப்பு, பாலிசித் தாளில் விலக்காக மாறிவிடுகிறது.

அரிப்பு மெதுவாக, நிச்சயமாக நடப்பது, நிச்சயமானதற்குக் காப்பீடு தர முடியாது என்பார்கள். பத்தாண்டுகளில் பத்தடி கரைவதற்கு அது பொருந்தும். ஒரே நாளில் அடித்தளத்தைப் பறிக்கும் அலைக்கு எப்படிப் பொருந்தும்? கள்ளக்கடலுக்கு முன்னெச்சரிக்கை வெளியிட முடிகிறது என்றால், அது வந்து போன நாளையும் கரையையும் பதிவேட்டிலிருந்தே எடுக்கலாம். அந்த நாளில் அந்தக் கரையில் விழுந்த சுவரை வெள்ளச் சேதமாகவே கொள்ள வேண்டும் என்று ஒரு வரியை ஒழுங்குமுறை ஆணையம் சேர்த்தால் போதும். தொழுத்தும் வலையும் எஞ்சினும் வீட்டுப் பாலிசியிலேயே ஒரு பட்டியலாக இடம்பெறட்டும். அதற்குரிய கூடுதல் பிரீமியத்தை வாங்கிக்கொள்ளட்டும். இலவசமாக யாரும் கேட்கவில்லை.

அரசிடம் கேட்டால் 'புனர்கேகம்' என்கிறது: கரையிலிருந்து 50 மீட்டருக்குள் இருப்பவர் அகன்றுபோக, நிலத்துக்கும் வீட்டுக்குமாக 10 லட்சம் ரூபாய். திட்டம் தேவையானதுதான். ஆனால் அதுவும் வீடு என்றால் படுக்குமிடம் என்றே எண்ணுகிறது. உள்ளூரில் மூன்று சென்ட் வாங்கிக் கட்டியவரும், அடுக்குமாடியில் மேல்தளம் கிடைத்தவரும் அந்த வலையை எங்கே வைப்பார்கள்? மறுபடி கடற்கரையில்தான், தார்ப்பாயின் கீழே, எந்தப் பாலிசியும் தொடாத இடத்தில்.