மாரிகாலக் காய்ச்சலும் கர்ப்பிணித் தாய்மாரும்

வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் யாழ். குடாநாட்டில் டெங்கும் தலைதூக்கும். 2024 டிசம்பரில், வெள்ளத்தைத் தொடர்ந்து பரவிய எலிக்காய்ச்சல் குடாநாட்டில் பல உயிர்களைப் பறித்தது. இக்காலத்தில் கர்ப்பிணி ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால், 'பனடோல் போட்டு இரண்டு நாள் பார்ப்போம்' என்று இருந்துவிடுவோர் உண்டு. அந்த இரண்டு நாள் தாமதம் ஏன் ஆபத்தானது என்பதற்குக் கர்ப்பிணியின் உடலுக்குள்ளேயே விடை இருக்கிறது.

நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே தைமஸ் என்ற சுரப்பி உள்ளது. கிருமிகளை இனங்கண்டு எதிர்க்கும் ரி கலங்கள் முதிர்ச்சி அடைவது இங்கேதான். கர்ப்ப காலத்தில் இச்சுரப்பி சுருங்குகிறது. இது நோயல்ல, இயற்கையின் ஏற்பாடு. வயிற்றில் வளரும் சிசுவின் பாதி, தந்தையிடமிருந்து வந்தது. தாயின் நிர்ப்பீடனத் தொகுதி அதை அந்நியப் பொருளாகக் கருதித் தாக்கிவிடக் கூடாது.

இந்த ஏற்பாட்டின் ஒரு முக்கிய கண்ணி 2020 டிசம்பரில் 'நேச்சர்' ஆய்விதழில் வெளியானது. கர்ப்பத்தைத் தாங்கும் புரோஜெஸ்தரோன் என்ற ஓமோன், தைமஸ் சுரப்பியின் கலங்களில் உள்ள 'ராங்க்' என்ற வாங்கியின் ஊடாகச் செயற்பட்டு, தாக்குதலை அடக்கிவைக்கும் சிறப்பு ரி கலங்களைப் பெருக்குகிறது. அக்கலங்கள் சூல்வித்தகத்தைச் சென்றடைந்து சிசுவைக் காக்கின்றன. தைமஸில் இந்த வாங்கி நீக்கப்பட்ட எலிகளில் கருச்சிதைவுகள் அதிகரித்தன.

ஆகவே, கர்ப்பிணியின் எதிர்ப்புச் சக்தி 'இல்லாமற் போய்விடுகிறது' என்பது சரியல்ல. அது மாற்றி அமைக்கப்படுகிறது. மூட்டுவாதம் உள்ள பல பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் வலி தணிந்து, பிரசவத்தின் பின் மீண்டும் கூடுவதும் இதனுடன் தொடர்புடையதே. ஆனால் இதற்கு ஒரு விலையும் உண்டு. இன்புளுவென்சா, மலேரியா போன்ற சில தொற்றுகள் கர்ப்பிணிகளைக் கடுமையாகத் தாக்குகின்றன.

டெங்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. கர்ப்ப காலத்தில் இயல்பாகவே குருதியின் திரவப் பகுதி கூடுகிறது, நாடித்துடிப்பு உயர்கிறது, இரத்த அழுத்தம் சற்றுக் குறைகிறது. இதனால் டெங்கு முற்றுவதைக் காட்டும் அறிகுறிகள் மறைந்துவிடலாம். காய்ச்சல் தணிந்ததும் 'சுகமாகிவிட்டது' என்று நினைக்கும் வேளையில்தான் குருதிக் கலன்களிலிருந்து திரவம் கசியும் ஆபத்தான கட்டம் தொடங்குகிறது. டெங்குச் சந்தேகமுள்ள கர்ப்பிணிகளைக் கூடுமானவரை முதல் நாளிலேயே வைத்தியசாலையில் அனுமதிக்க வேண்டும் என இலங்கையின் சிகிச்சை வழிகாட்டல் கூறுவது இதனாலேயே. வலிக்கென அஸ்பிரின், இபுபுரோபன், டைக்குளோபெனக் எடுப்பது டெங்கில் குருதிக்கசிவைத் தூண்டக்கூடும். எலிக்காய்ச்சலைத் தடுக்க வயல்களில் இறங்குவோருக்குக் கொடுக்கப்படும் டொக்சிசைக்ளினும் கர்ப்பிணிகளுக்கு வழமையாகக் கொடுக்கப்படுவதில்லை. ஆதலால் வெள்ளத்திலோ வயலிலோ கால் வைத்திருந்தால் அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

ஆனால் பொறுப்பைத் தாயின் தலையில் மட்டும் சுமத்த முடியாது. பொருளாதாரத் தடையும் மருந்துத் தட்டுப்பாடும் நிலவிய போர்க்காலத்தில், வீட்டிலேயே சமாளிப்பதைத் தவிர எமது மக்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. துப்பாக்கிகள் ஓய்ந்தபின்னும் எல்லோருக்கும் வழி திறந்துவிடவில்லை. நெடுந்தீவில் உள்ள கர்ப்பிணி ஒருவர் யாழ். போதனா வைத்தியசாலைக்கு வருவதற்கு முதலில் குறிகட்டுவான் வரை கடல் கடக்க வேண்டும். மழையும் காற்றுமான நாளில் 'முதல் நாளிலேயே வாருங்கள்' என்ற அறிவுரை அவருக்கு எப்படிப் பொருந்தும்?

மாரி தொடங்கும் முன்னரே கர்ப்பிணிகளின் விபரங்களைக் கையில் வைத்துக்கொள்ளவும், காய்ச்சல் என்றதும் நேரில் சென்று பார்க்கவும் போதிய குடும்பநல உத்தியோகத்தர்கள் வேண்டும். தீவகத்துக்கு எந்த நேரமும் புறப்படத் தயாரான நோயாளர் படகு வேண்டும். தாயின் உடல் சிசுவுக்காகத் தன் காவலைத் தானே தளர்த்திக்கொள்கிறது. அந்தக் காலத்தில் அவளுக்குக் காவலாக நிற்பது குடும்பத்தினதும் அரசினதும் கடமை.