இயந்திரம் வந்தது, முகமூடி எங்கே?

பால் வண்டியின் சட்டம் முறிந்தால் ஒட்டுவதற்குத் தோட்டப் பட்டறைகளில் கம்பிச்சுருள் வெல்டிங் இயந்திரம் வாங்கி வைக்கிறார்கள். விசையை அழுத்தினால் கம்பி தானாக வருகிறது. ஆகவே யாரும் செய்யலாமென்று பால்வெட்டுத் தொழிலாளியை அழைத்து நிறுத்துவது முறையாகுமா? ஆகாது என்பதே நம் கருத்து.

வாயுவுடன் ஓடும் கெட்டிக் கம்பிக்குத் துப்பாக்கியை நேர்முனையில் இணைக்க வேண்டும். வாயுவின்றி ஓடும் மருந்துக் கம்பிக்குப் பெரும்பாலும் எதிர்முனையில். வாயுத் தோம்பைச் சங்கிலியால் கட்டி நிமிர்த்தி வைக்க வேண்டும். துத்தநாகம் பூசிய தகட்டைச் சுட்டால் எழும் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். டீசல் தோம்பு காலியானாலும் வெடிக்கும். வெல்டிங் புகை புற்றுநோய் விளைவிக்கும் என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2017-ல் முடிவு செய்தது. இத்தனையும் பழகாமல் வருமா?

ஒளி தாக்கிய கண்ணில் அன்றிரவே மணல் அறுக்கும். பட்டையின் ஆழம் பார்த்து வெட்டும் கண்ணல்லவா அது!

பயிற்சியும் பாதுகாப்பும் சலுகையல்ல. 1994-ஆம் ஆண்டுச் சட்டம் முதலாளிமீது சுமத்திய கடமை. பாதுகாப்புச் சாதனத்திற்குத் தொழிலாளியிடம் காசு பிடிக்கவும் அச்சட்டம் இடம் தரவில்லை. உடனடி ஆபத்தைச் சொல்லியும் முதலாளி நீக்காவிடில் விலகி நிற்கும் உரிமை, 2024 ஜூன் முதல் நமக்குண்டு.

கிராணித் தோழர்களே! கம்பிக்கு ஆர்டர் எழுதும் தாளிலேயே கருங்கண்ணாடி முகமூடி, தோல் கையுறை, புகைபோக்கும் விசிறி, தீயணைப்புத் தோம்பு ஆகியவற்றையும் எழுதுங்கள். வெட்டுத் தோழர்களே! அவை வரும்வரை விசையைத் தொடாதீர்கள்; தலைவரிடம் சொல்லுங்கள்.