மீன் ஏன் வாய் திறக்கிறது?

மரக்கறி உணவு கொள்ளும் நேயர்கள் இந்த வாரம் என்னை மன்னிக்க வேண்டும். விஷயம் தூண்டிலைப் பற்றியது. ஆயினும் பொறுமையுடன் முடிவு வரையில் படித்தார்களானால், இதில் தங்களுக்கும் பங்கு உண்டென்று அறிவார்கள்.

வருஷத்தில் பல மாதங்கள் எங்கள் பொன்னேரிப் பக்கத்து ஆரணியாற்றில் மணல்தான் ஓடிக்கொண்டிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்து, பிச்சாட்டூர் அணையும் திறந்துவிட்டால், ஆறு தான் ஆறு என்பதை ஞாபகப்படுத்திக் கொள்ளும். வெள்ளம் வடிந்ததுதான் தாமதம், பள்ளிப் பிள்ளைகள் மூங்கிற் கழியும் தக்கையுமாகக் கரையில் உட்கார்ந்துவிடுவார்கள். இரண்டு வருஷங்களுக்கு முன் என் பன்னிரண்டு வயதுப் புதல்வன் என்னையும் இழுத்துக்கொண்டு போனான். விஞ்ஞானத்தில் பட்டம் பெற்றவனாயிற்றே என்ற தைரியத்துடன் நானும் போனேன். மூன்று மணி நேரம் உட்கார்ந்தோம். என் தக்கை அசையவேயில்லை. பத்தடி தூரத்தில் ஒரு கிழவர் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக இழுத்துக் கூடையை நிரப்பிக்கொண்டிருந்தார்.

"பெரியவரே, உங்களிடம் மட்டும் மீனுக்கு என்ன பிரியம்?" என்று கேட்டேன்.

"வாத்தியாரய்யா, மீனு எதுக்கு வாயைத் தொறக்குதுன்னு தெரிஞ்சாத்தான் புடிக்கலாம்" என்றார் அவர்.

தவளை தன் வாயால் கெடும் என்கிறோம். மீனும் அப்படியேதான். ஆனால் அது வாய் திறப்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு என்பதை அன்றுதான் கற்றேன்.

முதற் காரணம் பசி. மீனின் முகத்தைப் பார்த்தே அது எங்கே உண்ணும் என்று சொல்லிவிடலாம். பூண்டி ஏரியிலே வளரும் கட்லாவுக்கு வாய் மேல்நோக்கி இருக்கிறது; அது நீர்மட்டத்தருகே மிதக்கும் நுண்ணுயிர்களை உண்ணும். மிர்காலுக்கு வாய் கீழ்நோக்கி. அது அடிமண்ணைக் கிளறித் தின்னும். ரோகு இரண்டுக்கும் நடுவே மேயும். ஆகவே தக்கைக்கும் முள்ளுக்கும் இடையே எத்தனை முழம் விடுவது என்பதைத் தீர்மானிப்பவன் மீனே, நாமல்ல.

கெண்டை இனத்துக்கு இரைப்பை என்பதே கிடையாது. தொண்டையிலுள்ள பற்களால் அரைத்து நேரே குடலுக்கு அனுப்பிவிடும். ஒரே வேளையில் வயிறு நிரப்ப இயலாததால் பகலெல்லாம் கொஞ்சங் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கும். சிறிய முள்ளும், சிறிய மண்புழுவும், இடையிடையே ஒரு பிடி தவிடும் இருந்தால் கூட்டம் அகலாது. விராலின் சங்கதி நேர்மாறு. தவளையையோ சிறு மீனையோ முழுதாக விழுங்கிவிட்டுச் செடி மறைவில் படுத்துவிடும். அசையும் இரையை அதன் வாசலுக்கே கொண்டுபோக வேண்டும். கலங்கிய புதுவெள்ளத்தில் கண்ணால் இரை தேடும் மீன்கள் திகைத்து நிற்க, கெளுத்தி மீசையாலேயே ருசி பார்த்துத் திரியும். அப்போது மண்புழுவை அடியிலே கிடத்துவதே யுக்தி.

இன்னொன்று. மீனின் விலாவில் தலை முதல் வால் வரை ஒரு கோடு ஓடுகிறது. நீரின் சிறு அதிர்ச்சியையும் அது அதனால் உணர்ந்துவிடும். கரையில் தடதடவென்று நடந்துவந்து, நீரிலே நிழல் விழ நின்று, பையனுக்கு உரத்த குரலில் பிரசங்கமும் செய்த எனக்கு மீன் அகப்படாததில் ஆச்சரியம் என்ன?

இரண்டாவது காரணம் பாசம். மறு வாரம் ஒரு மடுவில், செடியோரமாகச் சிவந்த சிறு குஞ்சுகள் திரளாக எழும்பி எழும்பி மூச்சு வாங்குவதைப் பையன் கண்டான். நான் அத்திரளின் மேலே தவளையை ஆட்டினேன். மறு கணமே பெரிய விரால் ஒன்று பாய்ந்து கௌவியது. ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாது. என் பெருமிதத்தைக் கேட்க வேண்டுமா? அருகிலிருந்த அதே கிழவர் மட்டும் சிரிக்கவில்லை.

"ஐயா, அது பசிச்சு வரல்லே. குஞ்சுங்க கிட்ட வந்ததை வெரட்ட வந்திச்சு. அங்கே பாருங்க."

பார்த்தேன். காவல் இல்லாத அந்தச் சிவப்புத் திரளைச் சுற்றி அதற்குள் வேறு மீன்கள் கூடத் தொடங்கியிருந்தன. விரால் ஆணும் பெண்ணுமாகக் குஞ்சுகளைக் காக்கும் ஜாதி. காவல் போனால் நூற்றுக்கணக்கில் குஞ்சுகள் போய்விடும். பையன் விராலைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தான். முள்ளை மெதுவாக எடுத்து விட்டேன். அது குஞ்சுகள் இருந்த பக்கமாகவே போயிற்று. வீட்டில் குழம்புக்கு அரைத்து வைத்த மசாலா கத்தரிக்காயுடன் சேர்ந்தது. என் மனைவி இன்றளவும் அதைக் கத்தரி விரால் என்றுதான் சொல்லுகிறாள்.

1952-இல் இந்தியாவுக்கு வந்த திலேப்பியாவை, நம்மவர் ஜிலேபிக் கெண்டை என்பார்கள். அதன் தாய் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாய்க்குள்ளேயே வைத்துக் காக்கும். அந்நாட்களில் அநேகமாக இரை கொள்வதில்லை. பாசத்தால் வாய் திறக்கும் மீனும் உண்டு. மூடும் மீனும் உண்டு.

மூன்றாவது காரணம் மூச்சு. பாசி மண்டிய குட்டையில் இரவெல்லாம் செடிகளும் பிராணவாயுவை உட்கொள்வதால், விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அவை உண்ண வரவில்லை. எந்த இரையையும் சீண்டா. வெயில் ஏறியதும் செடிகள் பிராணவாயுவை வெளியிட, மீன்கள் கீழே இறங்கிவிடும். ஆனால் நல்ல வெயிலில் நடுப்பகலிலும் மீன்கள் மேலே வந்து தவித்தால், அது இயற்கையன்று. கழிவு கலந்து அழுகி நீரின் பிராணவாயு தீர்ந்திருக்கலாம்; அல்லது செவுள்களை வதைக்கும் விஷம் கலந்திருக்கலாம். அத்தகைய மீனைப் பிடிக்கத் தூண்டிலும் வேண்டாம், கையே போதும். கூடையுடன் ஓடி, அதிருஷ்டம் என்று அள்ளி வருவோரும் உண்டு. அதை அடுப்பில் ஏற்றலாகாது. பஞ்சாயத்துக்கும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் அன்றே தெரிவிப்பதுதான் செய்யத் தக்கது.

கும்மிடிப்பூண்டிச் சிப்காட்டின் ஆலைகள் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. அவை வேண்டாமென்று யாரும் சொல்லார். ஆனால் ஆரணியாறும் கொசஸ்தலையாறும் சோறு போட்டவைதாம். முன்னது பழவேற்காட்டு ஏரியிலும், பின்னது எண்ணூர் முகத்துவாரத்திலும் போய்ச் சேர்கின்றன. மேலே கலந்தது கீழே உள்ளவன் வலையில் வரும். கொசஸ்தலையைத் தடுத்து 1944-இல் எழுந்த பூண்டி நீர்த்தேக்கம், சென்னை மேயராயிருந்த தேசபக்தர் சத்தியமூர்த்தியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்த ஜலத்தைச் சென்னையிலே மரக்கறி உண்போரும் குடிக்கிறார்கள். ஆகையால்தான் அவர்களையும் கடைசி வரை படிக்கச் சொன்னேன். அந்நியன் போய் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இனி ஆறு கெட்டால் பழி சொல்ல வேறு ஆள் இல்லை.

பசித்து வாய் திறந்த மீனைப் பிடியுங்கள். பாசத்தால் திறந்ததை விட்டுவிடுங்கள். மூச்சுக்காகத் திறந்ததைக் கண்டால், அதற்காக நீங்கள் வாய் திறவுங்கள்.