பழைய அலாய் வீல்ல காத்து இறங்குதா? ட்யூப் போடறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

1/ எங்க சித்தப்பாகிட்ட ஒரு காண்டெஸா இருக்கு. எண்பதுகள்ல யாரோ ஆசைப்பட்டு வெளியில வாங்கி மாட்டின அலாய் வீல் நாலும் இன்னும் அதுலயே இருக்கு. சனிக்கிழமை காத்து அடிச்சா புதன்கிழமை இடது பின்பக்கம் உட்கார்ந்திடும். தவளக்குப்பம் சுத்துவட்டாரத்துல, கடலூர் ரோட்டுல, எல்லா பஞ்சர் கடையும் ஏறி இறங்கியாச்சு. எங்க போனாலும் ஒரே வைத்தியம்: "ட்யூப் போட்டுடலாம் சார்."

நான் வேணாம்னேன். ஏன்னு இந்த த்ரெட்.

2/ (வின்டேஜ் காரான்னு கேக்காதீங்க. 2021-ல வந்த மத்திய அரசு விதிப்படி 50 வருஷம் தாண்டினாதான் வின்டேஜ், 'விஏ' நம்பர் எல்லாம். காண்டெஸா வந்ததே 1984-ல. சித்தப்பா இதை ஒத்துக்க மாட்டார்.)

3/ டாக்டருக்கு வீல்ல என்ன வேலைன்னு கேப்பீங்க. டயர் வெடிச்சு வண்டி கவிழ்ந்து வர்றவங்களை ராத்திரி கேஷுவால்டியில பார்க்கிறது நாங்கதான். மீதியை மூணு ஞாயித்துக்கிழமை சோப்புத் தண்ணியோட சித்தப்பா வாசல்ல உட்கார்ந்து கத்துக்கிட்டேன்.

4/ ட்யூப்லெஸ் டயர்ல ஆணி ஏறினா பெரும்பாலும் காத்து மெல்லத்தான் இறங்கும். வண்டியை ஓரங்கட்ட நேரம் கிடைக்கும். உள்ளே ட்யூப் போட்ட அன்னைக்கே அந்த நேரம் போச்சு. ட்யூப் கிழிஞ்சா வால்வு ஓட்டை வழியா காத்து சட்டுனு வெளியேறிடும். அதோட, ட்யூப்லெஸ் டயரோட உள்பக்கம் ட்யூப்பை மனசுல வச்சு செஞ்சதில்ல. ட்யூப் உரசும், சூடாகும். மே மாச ரோட்டுல, நாலு பேரை ஏத்திக்கிட்டு, 80-ல போறப்ப அது எங்க கிழியும்னு யாருக்கும் தெரியாது.

5/ எல்லா பழைய வீலுக்கும் இது பொருந்தாது. கம்பி ஸ்போக் வீல்னா ஒவ்வொரு ஸ்போக்குக்கும் ரிம்ல ஓட்டை இருக்கும், ட்யூப் போட்டே ஆகணும். பழைய இரும்பு ரிம்ல டயர் விளிம்பைப் பிடிச்சு நிறுத்துற மேடு இருக்காது. அதுல ட்யூப்லெஸ் போட்டா, காத்து குறைஞ்ச நேரத்துல வளைவுல டயர் கழண்டுக்கலாம். அந்தக் காலத்து அம்பாசடர் ரிம்முக்கு ட்யூப்தான் சரி. வார்ப்பு அலாய்ல, மேடு இருக்கிற ரிம்ல ட்யூப் போடறதைத்தான் நான் எதிர்க்கிறேன். காய்ச்சல் ஏன்னு பார்க்காம பாராசிட்டமால் கொடுத்து அனுப்புற கதை அது.

6/ அப்ப ஏன் இறங்குது? முதல் சந்தேகம், டயர் உட்காருற விளிம்பு. நாம கடலோரத்துல இருக்கோம். நல்லவாடு பக்கம் வீடு இருந்தா ஜன்னல் கம்பிக்கு என்ன ஆகும்னு தெரியும்ல, அதேதான். உப்புக்காத்துல அலுமினியம் வெள்ளையா பூத்து, பெயிண்டைத் தூக்கி, டயருக்கும் ரிம்முக்கும் நடுவுல சந்து விட்டுடும். டயரைக் கழட்டி, அந்தப் பொடியைச் சுத்தமா தேய்ச்சு எடுத்து, பீட் சீலர் தடவி மாட்டணும். சீலண்ட் ஜெல் ஊத்தினா போதாதான்னா, பத்தாது. வண்டி ஓடுறப்ப அது டயர் தரையில படுற பக்கம்தான் ஒதுங்கும், விளிம்புக்கு ஒழுங்கா வராது.

7/ வால்வையும் பாருங்க. ரப்பர் வால்வு வயசானா வெடிச்சுப் போகும். வீல்ல வால்வு ஓட்டை ரெண்டு அளவுல வரும்: 11.3 மி.மீ., 15.7 மி.மீ. பெரிய ஓட்டையில சின்ன வால்வைத் திணிச்சு வச்சிருந்தா எத்தனை தடவை காத்தடிச்சும் பிரயோஜனமில்ல.

8/ எங்க வீல்ல ரெண்டுமே சரி பண்ணியும் காத்து நிக்கல. தொட்டித் தண்ணியில முழுசா முக்கி அரை மணி நேரம் பார்த்தோம். உலோகத்துலேருந்தே ஊசிமுனை மாதிரி குமிழி! வார்க்கும்போது உள்ளே மாட்டின காத்து விட்ட நுண்துளைகள். இத்தனை வருஷம் பெயிண்ட் அதை அடைச்சு வச்சிருந்தது. பளபளன்னு இருக்கணும்னு சித்தப்பா பெயிண்டை உரிச்சு பஃப் அடிச்சார், துளை திறந்துக்கிச்சு. உள்பக்கத்தைச் சுத்தம் பண்ணி, துளைக்குள்ள ஊறி இறுகுற சீலண்ட் விட்டு, மேல எபாக்ஸி அடிச்சோம். மூணு வாரமா 30 பி.எஸ்.ஐ. கிட்டத்தட்ட அப்படியே நிக்குது. (மாசம் ஒண்ணு ரெண்டு இறங்குறது எல்லா டயருக்கும் சகஜம். காலையில, வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி பாருங்க. ஓடி சூடான டயர்ல பார்த்தா கூடக் காட்டும்.)

9/ இனி வேண்டுகோள். டயர் மாட்டியிருக்கிற ரிம்ல வெல்டிங் வைக்கவே வைக்காதீங்க. காத்தை இறக்கிட்டாலும்தான். சூட்டுல உள்ளே ரப்பர் வெந்து வாயு சேர்ந்து குண்டு மாதிரி வெடிக்கும். ரீல்ஸ்ல வர்ற மாதிரி பெட்ரோல் ஊத்திப் பத்தவச்சு டயரை உட்கார வைக்கிற வித்தையும் வேணாம். காத்தடிக்கிறப்ப சக்கரத்து மேல குனியாதீங்க. கடைப் பையன் குனிஞ்சா "தம்பி, தள்ளி நில்லுப்பா"ன்னு சொல்லுங்க. முகமும் முன்கையும்தான் முதல்ல போகும், கண்ணு போனா நாங்க தைச்சுக் கொடுக்க முடியாது.

10/ நாலாவது வீல்ல ஸ்போக் அடியில முடி மாதிரி ஒரு கீறல். அதை வெல்ட் வச்சு ஓட்டலாம்னு சித்தப்பா. பதப்படுத்தின அலாய்ல வெல்ட் வச்சா சுத்துப்பட்ட இடம் பலம் இழந்துடும், இதுல சித்தி உட்காருவாங்கன்னு நான். இப்ப அது ஷெட்டு சுவத்துல தொங்குது. பத்து நாளா என்கிட்ட சரியா பேசல.

பாண்டியிலயோ சென்னையிலயோ பழைய காண்டெஸா அலாய் ஒத்தை வீல் யார்கிட்டயாவது கீறல் இல்லாம கிடந்தா சொல்லுங்க. குடும்ப அமைதி அதுலதான் இருக்கு.