'புகைப்பழக்கம் இல்லை' என்று எழுதிய பிறகு

நாள்பட்ட இருமலோடு வரும் 55 வயதுப் பெண்ணின் கேஸ் ஷீட்டில் 'புகைப்பழக்கம்: இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். எழுதியதில் பொய் இல்லை. ஆனால் கல்யாணமான நாள் முதல் விறகடுப்பின் முன் குந்தி ஊதுகுழல் பிடித்தவரிடம் கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல. கேட்காததால் சிஓபிடி ஆஸ்துமாவாகிறது. இன்ஹேலர் மாறிக்கொண்டே இருக்கிறது. ஸ்பைரோமெட்ரி நினைவுக்கு வருவது கடைசியில்தான். எக்ஸ்-ரேயும் கைகொடுக்காது. விறகுப் புகையால் வரும் சிஓபிடியில் எம்ஃபிசீமா குறைவு. சிறு மூச்சுக்குழல்கள் தடித்துச் சுருங்குவதே அதிகம். சிலருக்குப் பெரிய மூச்சுக்குழல்களிலும் கரி படிந்து சுருக்கம் விழும். அது பார்வைக்குக் காசநோய் போலவோ புற்றுநோய் போலவோ இருந்து நம்மை ஏமாற்றும்.

கேட்பவர்களும் பெரும்பாலும் "வீட்டில் கேஸ் இருக்கா?" என்றுதான் கேட்கிறோம். "இருக்கு" என்று பதில் வரும், பேச்சு முடிந்துவிடும். 2016 மே மாதம் உஜ்வலா திட்டம் தொடங்கிய பிறகு இணைப்பு இல்லாத வீடு அரிதாகிவிட்டது. இணைப்பு வேறு, புழக்கம் வேறு. காபிக்கும் விருந்தாளிக்கும் கேஸ்; சோறும் வெந்நீரும் கொல்லையில், தென்னை மட்டையிலும் வேலிமுள்ளிலும். "காலையில வெந்நீர் எதுலம்மா வைக்கிறீங்க? போன சிலிண்டர் எத்தனை மாசம் வந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். ஐந்து பேர் குடும்பத்தில் 14.2 கிலோ சிலிண்டர் ஐந்து மாதம் வந்ததென்றால் மீதியை விளக்க வேண்டியதில்லை.

அடுப்போடு நிற்கவும் கூடாது. ஒரு கொசுவத்திச் சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்கு ஈடான நுண்துகள்களை வெளியிடுகிறது என்று 2003-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. பிரசவமான வீட்டில் நடப்பதை நாம் அறிவோம். குளிப்பாட்டிய குழந்தையின் தலையைச் சாம்பிராணிப் புகையில் காட்டி உலர்த்துவார்கள். காற்று பட்டுவிடும் என்று ஜன்னலைச் சாத்துவார்கள். இரவில் கட்டிலுக்கடியில் சுருள். பாட்டியைக் கடிந்துகொண்டால் சாம்பிராணி நிற்காது, நம்மிடம் சொல்வது மட்டும் நின்றுவிடும். தலையைத் துண்டால் துவட்டுங்கள், சாம்பிராணி பூஜையறையோடு இருக்கட்டும், சுருளுக்குப் பதில் கொசுவலை கட்டுங்கள் என்றால் பெரும்பாலும் கேட்டுக்கொள்கிறார்கள்.

ஆனால் கேஸுக்கு மாறச் சொல்லும்போது நாம் கொடுக்கும் வாக்குறுதி அளவோடு இருக்க வேண்டும். குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா ஆகிய நாடுகளில் சுமார் 3,200 கர்ப்பிணிகளிடம் நடந்த ஹேப்பின் ஆய்வில் இந்தியப் பகுதியை ஸ்ரீராமச்சந்திரா குழு தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடத்தியது. பாதிப் பேருக்கு அடுப்பும் எரிவாயுவும் இலவசம். அவர்கள் சுவாசித்த நுண்துகள் அளவு கன மீட்டருக்கு சுமார் 24 மைக்ரோகிராம். விறகிலேயே தொடர்ந்தவர்களுக்கு சுமார் 70. இவ்வளவு குறைந்தும், 2022-இல் வெளியான முடிவில் குழந்தைகளின் பிறப்பு எடை புள்ளியியல்படி வேறுபடவில்லை. கேஸ் வீண் என்று இதற்குப் பொருளில்லை. அடுப்பு கைக்கு வந்தபோது கர்ப்பம் ஒன்பது வாரத்தைத் தாண்டியிருந்தது. 24 என்பதும் உலக சுகாதார நிறுவனத்தின் ஆண்டு வரம்பான 5-ஐப் போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு. 'கேஸ் வாங்கினால் குழந்தை எடை கூடும்' என்று சொல்ல நமக்கு ஆதாரம் இல்லை. கண் எரிச்சலும் இருமலும் தணியலாம் என்பதும், பாத்திரத்தில் கரி பிடிக்காது என்பதும் சொல்லக்கூடியவை. கரி பிடிக்காத பாத்திரம் அவர்களுக்குச் சின்ன விஷயமல்ல.

கேஸுக்கும் தனி ஆபத்து உண்டு. ஜன்னலில்லாத குளியலறையில் கேஸ் கீசர் ஓடி, கதவை உடைத்து வெளியே கொண்டுவரப்பட்டவரின் விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டர் 98 காட்டலாம். கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினை அந்தக் கருவியால் பிரித்தறிய முடியாது. கோ-ஆக்சிமெட்ரி வசதி இல்லையென்றால், வரலாற்றை மட்டும் நம்பி முழு ஆக்சிஜனைத் தொடங்கிவிடுங்கள்.

அடுத்த இதழ் முதல், சுவாச நோய் பற்றிய நோயாளி அறிக்கைகளில் புகைப்பழக்கத்துக்குப் பக்கத்திலேயே வீட்டு எரிபொருள், எத்தனை ஆண்டு, கொசுவத்திப் பழக்கம் மூன்றையும் எழுத வேண்டும். இவை இல்லாத அறிக்கைகள் மதிப்பீட்டுக்குப் போகாமல் திரும்பி வரும்.