நெஞ்சுரம் வானத்திலிருந்து விழுவதில்லை!

தேனிக்குக் கடல் இல்லை. மேற்கே மலை, தெற்கே மலை, நடுவே முல்லைப் பெரியாறு பாயும் கம்பம் பள்ளத்தாக்கு. நெல்லும் வாழையும் திராட்சையும் விளையும் மண். அலையோசை கேட்டறியாத அந்த மண்ணின் பிள்ளை ஒருவன் 2019 மார்ச்சில் தலைமன்னாரில் கடலில் இறங்கினான், தனுஷ்கோடியில் கரையேறினான். வயது பத்து! பாக் நீரிணையைக் கடக்க அவனுக்கு ஆன நேரம் பத்தரை மணி. மூன்றாண்டு கழித்து, 2022 மார்ச்சில், அதே தேனியைச் சேர்ந்த 14 வயது மாணவன் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் வரை நீந்திச் சென்று, அங்கிருந்து நீந்தியே திரும்பினான். ஏறத்தாழ இருபது மணி நேரம் நீரிலே!

ஊர் திரண்டது, மாலை விழுந்தது, மேளம் முழங்கிற்று. நாமும் மகிழ்ந்தோம். ஆனால் மாலை வாடுவதற்குள் ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும். இந்த உரம் எங்கிருந்து வந்தது?

"அது பிறவியிலேயே வர வேண்டும்" என்பார் சிலர். "அவன் தலையெழுத்து அப்படி" என்பார் வேறு சிலர். இரண்டும் தவறு. தவறு மட்டுமல்ல, கடமையிலிருந்து நழுவப் பார்ப்போர்க்கு வசதியான தவறு! பிறவியிலேயே வருமென்றால் பயிற்சிக் குளம் எதற்கு? தலையெழுத்தென்றால் பயிற்சியாளருக்குச் சம்பளம் எதற்கு?

1954-இல் ஈழத்து வடமுனையிலிருந்து கோடிக்கரைக்கு நீந்தி வந்தார் நவரத்தினசாமி. 1966-இல் இதே நீரிணையைக் கடந்தார் மிகிர் சென். 1994-இல் 12 வயதில் கடந்தார் குற்றாலீசுவரன். ஒருவர் ஈழத்தவர், ஒருவர் வங்காளி, ஒருவர் நம் தமிழ்நாட்டுச் சிறுவர். வயது வேறு, உடல்வாகு வேறு. பொதுவாக இருந்தது ஒன்றே: நாள் தவறாத பயிற்சி.

பயிற்சி உடலில் என்ன செய்கிறது? மாதக்கணக்கில், நிதானமான வேகத்தில், நெடுநேரம் நீந்துகிறவனின் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் முன்னைவிட அதிக இரத்தத்தை வெளியே தள்ளுகிறது. தசைகளில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. உடல் உரமேறுவது உழைக்கும் நேரத்தில் அல்ல. உழைத்தபின் உண்டு உறங்கும் நேரத்தில். உணவும் ஓய்வும் இல்லாத பயிற்சி, விதைநெல்லைக் குத்தித் தின்பதற்கு ஒப்பாகும்.

மனத்தின் கதையும் அதுவே. நள்ளிரவுக் கடலை எண்ணிப் பாருங்கள். சுற்றிலும் இருட்டு. பக்கத்திலே துணைப் படகு. ஆனால் அதைத் தொட்டால் முயற்சி முடிந்தது. நீரோட்டம் பக்கவாட்டில் இழுக்கிறது. சொறிமீன் தீயாய்ச் சுடுகிறது. கரை கண்ணுக்குத் தெரியவில்லை. "போதும், ஏறிவிடு" என்கிறது உள்ளம். அப்போது என்ன செய்வது என்பதை அப்போது யோசிக்க முடியாது. கரையிலேயே பழகியிருக்க வேண்டும்.

முப்பது கிலோமீட்டரை முப்பதாக எண்ணுகிறவன் மூழ்குவான். படகிலிருந்து அடுத்த வாய்க் கஞ்சி வரும்வரை என்று எண்ணுகிறவன் மிதப்பான். நாற்று நடும் நம் தாய்மார் வயலின் மறு கோடியைப் பார்த்தா நடுகிறார்கள்? கைக்கு முன்னே உள்ள வரிசையைப் பார்த்து நடுகிறார்கள். பொழுது சாய்கையில் வயல் முடிந்திருக்கிறது. கண்ணாடிக்குள் நீர் புகுந்தால் என்ன செய்வது, காற்று திரும்பினால் என்ன செய்வது, அச்சம் வந்தால் எந்தச் சொல்லைத் தனக்குள் சொல்லிக்கொள்வது என்று ஒவ்வொன்றையும் முன்கூட்டியே ஒத்திகை பார்ப்பதுதான் மனப்பயிற்சி. இதில் மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை.

2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் மூன்றாவதாக வந்தார் புதுக்கோட்டை இலட்சுமணன். முந்தைய ஆண்டு புவனேசுவரத்தில் ஆசியத் தங்கம் இரண்டை வென்றவர். ஓடுகையில் கால் தடத்தின் உள்கோட்டைத் தாண்டியது என்று கூறி வெண்கலத்தைப் பறித்தார்கள். ஒரே ஒரு தப்படி! 25 சுற்று ஓடும்போது, காலைப் போலவே கவனமும் களைக்கிறது. கவனத்துக்கும் பயிற்சி வேண்டும் என்பதற்கு இதைவிடக் கசப்பான பாடம் வேண்டியதில்லை.

2009-இல் பிரிட்டனில் ஆய்வாளர் மார்க்கோராவும் அவருடன் இருந்தவர்களும் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒன்றரை மணி நேரம் மூளைக்குக் கடும் வேலை கொடுத்து, அதன்பின் சைக்கிள் மிதிக்கச் சொன்னார்கள். இதயத்திலும் தசையிலும் குறையில்லை. ஆனாலும் மற்ற நாளைவிட முன்னதாகவே ஓய்ந்து போனார்கள். மனம் களைத்தால் உடல் முன்கூட்டியே தோற்கிறது!

இங்கேதான் நாம் கேட்கிறோம்: ஒன்றரை மணி நேரத்து மூளை வேலைக்கே இந்தக் கதி என்றால், ஆண்டு முழுதும் கவலையைச் சுமக்கும் ஏழைப் பிள்ளையின் கதி என்ன? விடியுமுன் ஜீப்பில் நெருக்கி அடைக்கப்பட்டுக் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஏலக்காய்த் தோட்டத்துக்கு மலையேறுகிறாள் தாய். இருட்டிய பிறகு திரும்புகிறாள். அவள் உழைப்பிலும் நெஞ்சுரம் இருக்கிறது. ஆனால் அதற்குப் பதக்கம் இல்லை, பால் இல்லை, ஓய்வும் இல்லை. அவள் பிள்ளை மைதானத்தில் நிற்கும்போது, காலணிக்கு யார் தருவார், முட்டைக்கு யார் தருவார் என்ற எண்ணமே முதல் சுற்றை ஓடி முடித்துவிடுகிறது. அவனைப் பார்த்து "மனத்திடம் போதாது" என்பது கேலியா, கொடுமையா?

குற்றாலீசுவரன் கதையை நாடு மறந்துவிடலாகாது. 1994 என்ற ஒரே ஆண்டில் ஆறு நீரிணைகளைக் கடந்தவர். அருச்சுனா விருது பெற்றவர். பிற்பாடு, பொருளுதவி இல்லாத நிலையில், நீச்சலை விட்டுப் படிப்பின் பக்கம் திரும்பினார். கடல் தோற்கடிக்காத பிள்ளையைக் காசு தோற்கடித்தது!

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பத்து வயதுப் பிள்ளை கடந்தால், எட்டு வயதுப் பிள்ளையை இறக்குவோம் என்று பெற்றோர் கிளம்பக் கூடாது. வயதைக் குறைக்கும் பந்தயம் வீரமல்ல. வளரும் எலும்பும் வளரும் மனமும் விளம்பரத்துக்கு உரிய சரக்கல்ல. மருத்துவர் சம்மதமும் பயிற்சியாளர் சம்மதமும் மட்டும் போதா. பிள்ளையின் சொந்த விருப்பமும் வேண்டும். "வேண்டாம்" என்று சொல்லும் உரிமையும் அவனுக்கு வேண்டும்.

நமது கோரிக்கை நீளமானதல்ல. தேனி நகரத்துப் பிள்ளைக்குக் கிடைப்பது கூடலூர்ப் பிள்ளைக்கும், சின்னமனூர்ப் பிள்ளைக்கும், போடிமலை அடிவாரத்துப் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும். நிரந்தரப் பயிற்சியாளர் வேண்டும். பயிற்சி நாளில் முட்டையும் பாலும் பயறும் வேண்டும். மனநலம் அறிந்த ஆலோசகர் மாதம் ஒரு முறையாவது வர வேண்டும். அரசு வேலையில் விளையாட்டு வீரர்க்கென உள்ள 3 விழுக்காடு ஒதுக்கீடு இப்பிள்ளைகள் செவிக்கு எட்ட வேண்டும். வென்ற பின் தரும் பரிசில் ஒரு பங்கையாவது வெல்வதற்கு முன் தந்தால், வெற்றி பத்தாய்ப் பெருகும்.

தோழர்களே! அரசு செய்யட்டும் என்று நாம் கைகட்டி நிற்பதற்கில்லை. ஊர்ப்புறத் திடலில் முள்ளை வெட்டிச் சமன்செய்ய மண்வெட்டி போதும். விடியற்காலையில் பத்துப் பிள்ளைகளை அழைத்து ஓடவிட ஒரு விசில் போதும். ஓடி முடித்தவர்க்கு அவித்த கடலை தர ஒரு தெருவின் சில்லறை போதும்.

1895-இல் மேற்கே போன பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பியது இப்பள்ளத்தாக்கைப் பசுமையாக்கிற்று. அந்த நீர் தானாக வந்ததா? மலையைக் குடைந்தார்கள், உழைப்பாளர் உயிரைக் கொடுத்தார்கள், வந்தது. பிள்ளைகளின் நெஞ்சுரமும் அவ்வாறே. வாய்க்கால் வெட்டினால் வரும்.

வெட்டுவோம்!